உளி பிடிக்கிற கை: மறுக்கப்பட்ட ஓர் இழப்பீட்டை வாங்கிய அனுபவம்

வேலையில் அடிபட்டவர்களுக்கு வரும் மறுப்புக் கடிதம் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, சட்டப் பிரிவு எண்களோடு வரும். படித்தால் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். அந்தக் கடிதத்தை எழுதுவது பணம் கொடுக்க வேண்டிய தரப்பு என்பதை அந்த நேரத்தில் யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. கொடுக்க வேண்டுமா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கிடையாது, முதலாளிக்கும் கிடையாது. எங்கள் வழக்கு நடந்தபோது இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி அது ஆணையருடைய வேலை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரி ஒருவர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். கடிதத்தோடு ஒதுங்கிப் போன குடும்பங்களை எங்கள் பக்கத்திலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஆசாரி. நாங்கள் இருப்பது கடலூரிலிருந்து பாண்டி போகும் சாலையில், ரெட்டிச்சாவடி பக்கம். முள்ளோடையைத் தாண்டினால் பாண்டி எல்லை ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன மரப்பட்டறையில் அவர் வேலை பார்த்தார். ஆறேழு பேர்தான் ஆட்கள். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் ஈஎஸ்ஐ என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு கிடையாது. முதலாளி தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு மட்டும் எடுத்து வைத்திருந்தார். 2021 பிப்ரவரியில் வட்ட ரம்பத்தில் தேக்குப் பலகை அறுக்கும்போது பலகை துள்ளி, இடது கை ரம்பத்தில் போய்விட்டது. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனது. மற்ற விரல்களுக்குப் போகும் தசைநாண்களும் ஒரு நரம்பும் வெட்டுப்பட்டன. தைத்தார்கள். விரல்கள் இருக்கின்றன, ஆனால் மடங்குவதில்லை. அவருக்கு அப்போது 42 வயது.

மறுப்புக் கடிதத்தில் நான்கு காரணம் சொல்லியிருந்தார்கள். இவர் அந்தப் பட்டறையின் ஊழியரே இல்லை, பீஸ் ரேட்டுக்கு வந்து போகிறவர். பாலிசி ஆவணத்தில் இவர் பெயர் இல்லை. ரம்பத்தின் பாதுகாப்பு மூடியை இவரே வேண்டுமென்று கழற்றிவிட்டு வேலை செய்தார். நான்காவது, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியில் வீட்டில் வேலை செய்தபோது அடிபட்டதாக எழுதியிருக்கிறது.

நான்காவதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. இவர் மயக்கத்தில் கிடந்தபோது தனியார் மருத்துவமனையில் சேர்த்தது பட்டறை ஆட்கள்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதும் அவர்கள்தான். "போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்துட்டோம்கா" என்று பிறகு ஒரு பையன் சொன்னான். வயதைக்கூட உத்தேசமாக 45 என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று வயது பின்னால் எவ்வளவு பணத்தைத் தின்னப் பார்த்தது என்பதைக் கணக்கு வரும் இடத்தில் சொல்கிறேன்.

எங்களைக் காப்பாற்றியது ஏ.ஆர். காப்பி. விபத்துப் பதிவேட்டின் நகலை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகும் முன் பைக்கில் உட்கார வைத்து முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே கட்டுப் போட்டுவிட்டு, மேல் சிகிச்சைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது இவருக்கு நினைவு இருந்தது. பணியில் இருந்த டாக்டர் இவரிடமே கேட்டு எழுதியிருக்கிறார்: இத்தனை மணிக்கு, இந்த ஊரில் மரப்பட்டறையில், ரம்பம் பட்டு ஏற்பட்ட காயம், சுவாசத்தில் மது வாடை இல்லை. நான்கு வரிதான். விபத்து நடந்த சிறிது நேரத்துக்குள், யாருக்கும் வழக்கு என்ற எண்ணமே வராத நேரத்தில், ஓர் அரசு டாக்டர் எழுதிய நான்கு வரி. பிறகு எழுதப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரியைவிட ஆணையர் இதைத்தான் நம்பினார். எழுத்தில் மனு கொடுத்து நகல் வாங்கினோம். இழுத்தடித்தால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

கையில் அடிபட்டவரை யாராவது உங்கள் முன்னால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால், எங்கே எப்படி அடிபட்டது என்பதை உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பின்னால் பல லட்சம் பெறும்.

முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வாரத்து ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் கட்டினார். காப்பீட்டு நிறுவனம் மறுத்ததும் பயந்துவிட்டார். கணக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார். கையில் பத்திரம், ஐம்பதாயிரம் ரூபாய். "கையெழுத்துப் போட்டா இன்னிக்கே பணம்கா. இல்லேன்னா ஆபீஸு, கோர்ட்டுன்னு அலையணும்" என்றார். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று பத்திரத்தில் இருந்தது. வீட்டில் அப்போது வாடகை பாக்கி, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் பாக்கி. அந்த ஐம்பதாயிரம் எங்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

தச்சுத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கும் ஒரு தோழரிடம் இவர் போனில் பேசினார். அவர் என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "தங்கச்சி, கையெழுத்து மட்டும் வேண்டாம். கடனா குடுத்தா வாங்கு, இல்லேன்னா அனுப்பிடு" என்றார். அப்படியே அனுப்பிவிட்டேன். அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. சமாதானமாகப் போவதென்றாலும் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 28-ஆம் பிரிவு சொன்னது. தொகை குறைவாக இருந்தாலோ, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகத் தெரிந்தாலோ அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஆகவே ஏற்கெனவே இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்கூட வழி அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதலாளி கட்டிய மருத்துவச் செலவையும் இழப்பீட்டில் கழிக்க முடியாது. சிகிச்சைக்குக் கொடுத்தது சிகிச்சைக்குத்தான். 2009-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உண்மையான மருத்துவச் செலவை முதலாளி தனியாகத் தர வேண்டும் என்றே அந்தச் சட்டத்தில் இருந்தது. மருந்துக் கடை ரசீதுகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் கணக்கில் வந்தது.

எங்கே மனு போடுவது என்பதிலேயே ஒரு குழப்பம் இருந்தது. விபத்து நடந்தது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில். நாங்கள் இருப்பது தமிழ்நாட்டில், கடலூர் மாவட்டத்தில். எங்கள் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பேர் இப்படித்தான் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாண்டியில் அடிபட்டால் பாண்டியில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அப்படி இல்லை. விபத்து நடந்த இடத்து ஆணையரிடம் போகலாம். தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கும் இடத்து ஆணையரிடமும் போகலாம். முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடத்திலும் போடலாம். அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இந்த வசதியைத் தந்தது. விபத்து நடக்காத ஊரில் போட்டால், விபத்து நடந்த பகுதியின் ஆணையருக்குத் தகவல் அனுப்பிவிட்டுத்தான் விசாரணையைத் தொடர முடியும், அவ்வளவுதான். கட்டுப் போட்ட கையோடு பஸ் மாறிப் போக வேண்டாம் என்று நாங்கள் கடலூரில் போட்டோம். குடியிருப்புக்கு ரேஷன் கார்டும் ஆதாரும் போதுமாக இருந்தன.

மனுவுக்கு முன்னால் முதலாளிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினோம். பெயர், முகவரி, எந்தத் தேதி, எப்படி அடிபட்டது என்று சாதாரணத் தமிழில் ஒரு பக்கம். அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையோடு பதிவுத் தபால். முதலாளி வாங்கவில்லை, பெறுநர் வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதி, உறை திரும்பி வந்தது. வக்கீல் அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். பிரிக்காத உறைதான் சாட்சி. நாம் சரியான முகவரிக்கு அனுப்பினோம், அவர்களுக்குத் தெரியும், வேண்டாம் என்றார்கள் என்பதை அது ஒன்றே காட்டிவிடும். அந்தச் சட்டப்படி இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. தாண்டிவிட்டாலும் தக்க காரணம் காட்டினால் ஆணையர் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. அந்த மே மாதமே ஊரடங்கு வந்து இரண்டு பக்கமும் பஸ் நின்றுபோனது. காகிதம் சேர்ப்பதற்கு நாம் நினைப்பதைவிட அதிக நாள் ஆகும்.

வக்கீல் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வந்து, "ஒரு பைசா வேண்டாம்மா, வர்றதுல முப்பது பர்சன்ட் குடுத்தா போதும்" என்றார். வக்கீல்கள் அப்படி ஜெயிக்கிற தொகையில் பங்கு பேசவே கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. நாங்கள் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசமாக வக்கீல் கிடைப்பார். வருமான வரம்பின்படி தகுதி பெறுகிற மற்றவர்களுக்கும் உண்டு. எங்களுக்குக் கிடைத்தவர் இளம் வக்கீல். ஆனால் பொறுமையாகக் கேட்கிறவர். மரம் எப்படி அறுப்பது, உளி எப்படிப் பிடிப்பது என்று இவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். வழக்கைத் திருப்பியது அந்தக் கேள்விகள்தான்.

மனுவில் முதலாளியை முதல் எதிர்மனுதாரர், காப்பீட்டு நிறுவனத்தை இரண்டாவது எதிர்மனுதாரர் என்று சேர்த்தார். இழப்பீடு தர வேண்டிய கடமை முதலில் முதலாளியுடையது. காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாலிசியில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கடமை போகாது. பாலிசியில் எத்தனை ஆட்கள், எவ்வளவு சம்பளம் என்று முதலாளி காட்டியிருந்தார் என்பது அவர்கள் இருவருக்குள் இருக்கும் தகராறு. எங்கள் வழக்கில் பாலிசி ஆவணத்தை வரவழைத்துப் பார்த்தபோது அதில் யாருடைய பெயருமே இல்லை, ஆட்களின் எண்ணிக்கைதான் இருந்தது. பெயர் இல்லை என்று கடிதம் எழுதியவர்கள் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அந்தக் காரணம் அன்றோடு விழுந்தது.

ஊழியரே இல்லை என்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ வருகைப் பதிவோ எதுவும் கிடையாது. தச்சுப் பட்டறையில் யாருக்குத்தான் இருக்கிறது? ஆனால் ஊரடங்கு காலத்துக்குப் பிறகு முதலாளி சனிக்கிழமைக் கூலியை ஜிபேயில் போட ஆரம்பித்திருந்தார். ஒரு நாளைக்கு 800 வீதம் வாரம் 4,800 ரூபாய். வங்கிக்குப் போய் முத்திரை போட்ட ஸ்டேட்மென்ட் வாங்கினோம். வாரம் தவறாமல் ஒரே ஆளிடமிருந்து ஒரே தொகை. பீஸ் ரேட்டு என்றால் தொகை வாரா வாரம் மாறியிருக்க வேண்டாமா என்று வக்கீல் கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கம் பதில் இல்லை. தற்காலிக ஆள், கூலி ஆள் என்று சொல்லி ஒதுக்குவதற்கு அந்தச் சட்டத்தில் முன்பு இடம் இருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் "நீ பர்மனென்ட் இல்லையே" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் பதில்.

அப்புறம் அந்த ஆயுத பூஜைப் படம். 2020 அக்டோபரில் பட்டறையில் பூஜை போட்டு, மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பொட்டு வைத்து, முதலாளியும் ஆட்களும் நின்று எடுத்த படம். பட்டறை வாட்ஸ்அப் குழுவில் முதலாளியே போட்டிருந்தார். வட்ட ரம்பத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். ரம்பத்தின் மேல் சாமந்தி மாலை தொங்குகிறது. மூடி இல்லை. விபத்துக்கு நான்கு மாதம் முன்பே மூடி இல்லாத ரம்பம், அதன் பக்கத்தில் முதலாளி. இவர் ஊழியரா, மூடியை யார் கழற்றியது என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு படத்தில் பதில் இருந்தது.

மூடி விஷயம் சட்டப்படியும் முக்கியமானது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய மூன்று காரணங்களுக்காக இழப்பீட்டை மறுக்கலாம். மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் இந்தக் காரணங்கள்கூடச் செல்லாது. எங்கள் வழக்கு பகுதி ஊனம் என்பதால் அவர்கள் இதைப் பிடித்துத் தொங்கினார்கள். ஆனால் வேண்டுமென்றே செய்தார் என்பதை நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள். கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்வது போதாது. தொழிலாளியின் கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் மறுப்புக்குக் காரணமே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். அடிபட்டவர்கள் பலர் "என் தப்புதான், நான்தான் அசந்துட்டேன்" என்று தங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டு கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். யார் தப்பு என்பது இங்கே கேள்வி இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்ததா என்பதுதான் கேள்வி.

போனில் உள்ள படம், வாய்ஸ் மெசேஜ் போன்றவற்றை ஆவணமாகக் கொடுக்கும்போது அதற்கென ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். எங்கள் வழக்கு நடந்தபோது அது சாட்சியச் சட்டத்தின் 65பி. 2024 ஜூலை 1-இலிருந்து வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. வக்கீல் எழுதிக் கொடுப்பார், ஆனால் படம் இருக்கும் அந்த போனை மாற்றாமல், விற்காமல் வைத்திருப்பது நம் வேலை. பட்டறையில் இன்னும் வேலை பார்ப்பவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. முன்பே வேலையை விட்டுப் போயிருந்த ஒரு பெரியவர் வந்து சொன்னார்.

இனி கணக்கு. நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருந்தது. 42 வயதுக்கு 178.49, 45 வயதுக்கு 169.44. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அப்போது கணக்குக்கு 15,000 வரைதான் எடுத்தார்கள். 2020 ஜனவரியில் வந்த அறிவிக்கை அது, அதற்கு முன் 8,000-ஆக இருந்தது. இவருக்கு மாதம் 20,000-க்கு மேல் வந்ததால் 15,000 எடுத்தோம். அதில் 60 சதவீதம் 9,000. அதை 178.49-ஆல் பெருக்கினால் 16,06,410 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. பகுதி ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்றோ அத்தனை சதவீதம்.

சண்டையெல்லாம் அந்தச் சதவீதத்தில்தான். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம் என்று இருந்தது. மறுப்புக் கடிதம் நிற்காது என்று தெரிந்ததும் அந்தத் தரப்பு இந்த 14-க்கு வந்தது. சம்பளமும் 9,000-தான் என்றது. அப்படிப் பார்த்தால் 1,34,938 ரூபாய். மற்ற விரல்கள் இருக்கின்றன, வெட்டுப்படவில்லை, ஆகவே அட்டவணையில் இல்லை என்றார்கள். ஆனால் அட்டவணையில் இல்லாத காயங்களுக்கும் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. அங்கே தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பல பேர் பணத்தை இழக்கிறார்கள் என்று எங்கள் வக்கீல் சொன்னார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குக் கொடுக்கும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. முதலாவது, உடல் உறுப்பு எவ்வளவு இயங்கவில்லை என்பது. இரண்டாவது, அந்த உடலை வைத்து அந்த ஆள் செய்துவந்த வேலையை இனி எவ்வளவு செய்ய முடியாது என்பது. இடது கையில் ஒரே மாதிரி அடிபட்ட ஒரு கணக்கருக்கும் ஓர் ஆசாரிக்கும் முதலாவது ஒன்றாகவே இருக்கும், இரண்டாவது ஒன்றாக இருக்காது. அட்டையில் இவருக்கு 35 சதவீதம் போட்டிருந்தார்கள். அதை மட்டும் வைத்திருந்தால் 35-லேயே நின்றிருப்போம். எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போய், இவர் தொழில் என்ன என்று சொல்லி, கை எதைச் செய்ய முடியவில்லை என்பதைத் தனித்தனியாகச் சோதித்து எழுதச் சொன்னோம். பிடிக்கும் பலம், கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து ஒரு பொருளைக் கவ்வுவது, மணிக்கட்டு திரும்புவது. சம்பாதிக்கும் திறன் இழப்பு 60 சதவீதம் என்று அவர் எழுதினார். ஆணையர் முன் வந்து சாட்சியும் சொன்னார். சான்றிதழ் கொடுத்த டாக்டர் விசாரணைக்கு வருவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவன வக்கீல் இவரிடம், "வலது கை நல்லாத்தானே இருக்கு? சுத்தியல் வலது கையில்தானே பிடிப்பீங்க?" என்று கேட்டார். "ஆமாம் சார். உளி இடது கையில பிடிக்கணும்" என்றார் இவர். எங்கள் வக்கீல் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஓர் உளியும் கொட்டாப்புளியும் ஒரு துண்டு மரமும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆணையரின் அனுமதியோடு இவர் பிடித்துக் காட்டினார். உளி நிற்கவில்லை. அறுக்கும்போது மரத்தை அழுத்திப் பிடிப்பது, இழைப்புளியின் முன்பக்கம் அழுத்துவது, அளவுகோலை நகராமல் வைத்துக் கோடு இழுப்பது, எல்லாமே இடது கை வேலை. இருபது வருடம் அவரோடு வாழ்ந்த எனக்கே இவ்வளவு தெரியாது.

உச்ச நீதிமன்றத்தின் 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை வக்கீல் எடுத்துக் காட்டினார். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. ஒடிசாவில் வேலையின்போது விழுந்து இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் அது முழு ஊனமே என்று ஆணையர் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இவருக்குக் கை இருக்கிறது, ஆகவே நூறு சதவீதம் கேட்க முடியாது. ஆனால் எந்த வேலை செய்தவர் என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்பதற்கு அது பெரிய பலமாக இருந்தது.

2023-இல் உத்தரவு வந்தது. திறன் இழப்பு 50 சதவீதம், சம்பளம் 15,000, வயது 42. தொகை 8,03,205 ரூபாய். வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொடுத்திருந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த 45-ஐ எடுத்திருந்தால் 40,725 ரூபாய் குறைந்திருக்கும். இதற்கு மேல் விபத்துத் தேதியிலிருந்து 12 சதவீதம் தனி வட்டி. வருடத்துக்கு 96,000-க்கு மேல். மருத்துவச் செலவு தனி. சட்டம் மூன்று மாதத்தில் விசாரணையை முடிக்கச் சொன்னது. எதிர்த்தரப்பு வாய்தா வாங்கி வாங்கி எங்களுக்கு அதைவிட வெகுநாள் ஆனது. ஆனால் வாய்தா ஓடினாலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு எங்களைத் தாங்கியது. காலம் கடத்துவது அவர்களுக்கும் செலவுதான்.

ஆணையர் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டால், அல்லது தொகை மிகக் குறைவு என்றால், 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னை உயர் நீதிமன்றம்தான். ஆனால் அங்கே முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே எடுப்பார்கள். சாட்சியை மறுபடி எடைபோட மாட்டார்கள். உண்மை விவரங்களைப் பொறுத்தவரை ஆணையர் முன்னால் நடப்பதுதான் கடைசி. ஆகவே படம், ரசீது, டாக்டர், சாட்சி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட வேண்டும். முதலாளி மேல்முறையீடு போக வேண்டுமென்றால் உத்தரவான தொகையை முன்னதாகவே ஆணையரிடம் கட்டியாக வேண்டும். எங்கள் வழக்கில் யாரும் மேலே போகவில்லை. காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கட்டியது, இவர் வங்கிக் கணக்குக்கு வந்தது. கட்டாமல் இழுத்திருந்தால் நிலவரிப் பாக்கி போல வசூலிக்க ஆணையர் உத்தரவிடலாம்.

இவர் இப்போது பட்டறையில் வேலை செய்வதில்லை. மாடுலர் கிச்சன் போடும் ஒருவரிடம் அளவு எடுப்பது, மரம் தேர்ந்தெடுப்பது என்று போய்க்கொண்டிருக்கிறார். முன்பு வாங்கிய கூலியில் பாதிதான் வருகிறது. ஆணையர் போட்ட 50 சதவீதம் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது.

புதிதாக வழக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. முழு ஊனத்துக்கான 60 சதவீதக் கணக்கும் வயதுக் காரணி அட்டவணையும் அதிலும் இருக்கின்றன. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்ததாகவே அது எடுத்துக்கொள்கிறது. கடலூர்–பாண்டி சாலையில் தினமும் பைக்கில் போய் வருகிறவர்களுக்கு இது முக்கியம். ஈஎஸ்ஐ உள்ள இடத்தில் வேலை செய்பவர்கள் இந்த வழியில் கேட்க முடியாது. அவர்களுக்கு மருத்துவ வாரியம், அதன் மேல் மேல்முறையீடு, ஈஎஸ்ஐ நீதிமன்றம் என்று தனிப் பாதை. எந்தப் பாதை நமக்கு என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவிக்குக் கூப்பிடலாம், அல்லது கடலூர், புதுச்சேரி நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மறுப்புக் கடிதத்தையும் ஏ.ஆர். காப்பியையும் எடுத்துக்கொண்டு நேரில் போகலாம்.